கடல் கடந்த மருத்துவர்

மராத்திய நாட்டில் குழந்தை பிறந்த ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் இரவில், அதன் அருகே வெற்றுத்தாளும் எழுதுகோலும் வைக்கும் வழக்கம் உண்டு. சட்வாய் என்னும் தெய்வம் அவ்விரவில் வந்து குழந்தையின் தலைவிதியை எழுதிச் செல்லும் என்பது மக்கள் நம்பிக்கை. ஆனந்திபாய் ஜோஷி தம் பதினான்காம் வயதில் ஈன்ற ஆண்மகவு அந்த இரவைக் கடந்தது. ஆயினும் பத்து நாள்களுக்கு மேல் அது வாழவில்லை. தக்க மருத்துவ உதவி கிடைக்காமற்போனதே அவ்விழப்புக்குக் காரணம் என்னும் எண்ணம் அந்த இளந்தாயின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. விதியின் மீது பழியைப் போட்டு அமைதி கொள்ள அவரால் இயலவில்லை.

ஆனந்திபாய் 1865ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பதாம் வயதில் கோபால்ராவ் ஜோஷி என்னும் அஞ்சல் துறை எழுத்தருக்கு மணம் செய்துவைக்கப்பட்டார். மணமகன் மனைவியை இழந்தவர்; மணமகளைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவர். ஆனந்தி என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே. பெண்கள் ஏட்டைத் தொடுவதே தகாது எனக் கருதப்பட்ட காலத்தில், மனைவியைப் படிக்க வைத்தே தீர்வது என்பதில் கோபால்ராவ் உறுதியாக இருந்தார். அவ்வுறுதி சில வேளைகளில் கொடுமையாகவும் மாறியது. பாடத்தை விடுத்துச் சமையற்கட்டில் நின்றதற்காக அவர் மனைவியை அடித்தார் என வரலாறு எழுதியோர் குறிப்பர். அடுக்களையில் நிற்காததற்காகப் பெண்கள் அடிபட்ட காலம் அது. கோபால்ராவைப் போற்றுவோர் இச்செய்தியையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும்.

அக்காலத்து உயர்குல இல்லங்களில் மகப்பேறு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிந்தாலன்றி, ஆனந்திபாயின் முடிவு எத்தகையது என்பது விளங்காது. பேறு நிகழும் அறை வீட்டின் ஒதுக்கமான பகுதியில் அமையும். காற்றுப் புகுந்தால் தாய்க்கும் சேய்க்கும் கேடு என்று சாளரங்களை அடைப்பர். உள்ளே கரிநெருப்பு கனன்றுகொண்டிருக்கும், ஓமப்புகை சூழ்ந்திருக்கும். பத்து நாள் தீட்டு உண்டு. பேறு பார்க்கும் மருத்துவச்சி கைப்பழக்கம் மிக்கவள். ஆனால் சிக்கலான பேறு அவள் கைக்கு அடங்காது. அந்நிலையில் ஆண் மருத்துவரை அழைப்பதோ குலமானத்துக்கு இழுக்கு. இம்முறைகள் அனைத்தும் தீங்கானவை என்று கூறிவிட முடியாது. தாய்க்குக் கட்டாய ஓய்வும் எண்ணெய்க் குளியலும் நெய் கலந்த உணவும் தந்தவையும் இவையே. எனினும் உயிருக்கு ஆபத்து நேர்ந்த பொழுதில் அவ்வறையின் கதவு திறக்கவில்லை.

மனைவியை அமெரிக்காவில் படிக்க வைக்க உதவி கேட்டுக் கோபால்ராவ் 1880ஆம் ஆண்டில் எழுதிய மடல், அங்குள்ள சமய இதழொன்றில் வெளிவந்தது. நியூஜெர்சி மாநிலத்தின் ரோசெல் நகரைச் சேர்ந்த தியோடிசியா கார்ப்பெண்டர் என்னும் பெண்மணி, பல் மருத்துவரின் காத்திருப்பறையில் தற்செயலாக அதனைப் படித்தார். அறிமுகமற்ற அவ்விருவருக்கும் இடையே கடிதங்கள் தொடர்ந்தன. ஆனந்திபாய் அவரைச் சித்தி முறை வைத்தே அழைக்கலானார்.

ஊரார் ஏசினர், தெருவில் நடந்தபோது இகழ்ந்தனர். 1883ஆம் ஆண்டு செராம்பூர்க் கல்லூரி மன்றத்தில் எழுந்து நின்று ஆனந்திபாய் தம் முடிவை விளக்கினார். இந்தியப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடல்நோயைச் சொல்ல நாணுவர் என்பதையும், அயல்நாட்டுப் பெண் மருத்துவர்களுக்கு இந்நாட்டின் மொழியும் வழக்கமும் தெரியா என்பதையும் எடுத்துரைத்தார். இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்புவதாகவும் உறுதி கூறினார். அவ்வாண்டு ஏப்ரலில் கணவர் துணையின்றிக் கொல்கத்தாவில் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரி 1850ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதல்வர் ரேச்சல் பாட்லி ஆனந்திபாயை ஏற்றுக்கொண்டார். புலால் உண்ணாமலும் புடவையை விடாமலும் அந்நகரின் கடுங்குளிரை ஆனந்திபாய் எதிர்கொண்டார். அவர் தங்கிய அறையின் கணப்படுப்பு சரிவர எரியாமல் புகை கக்கியது. புகையைப் பொறுப்பதா, குளிரைப் பொறுப்பதா என்னும் நிலையில் அவர் நுரையீரல் நலிந்தது.

மேலை நாட்டுப் பேற்றறையும் நம்பிக்கைகளிலிருந்து முற்றும் விடுபட்டதன்று. பேற்றுவலி ஏவாளுக்கு இறைவன் விதித்த தண்டனை. அதனை மருந்தால் தணிப்பது பாவம் என்று வாதிட்டோர் அங்கு இருந்தனர். விக்டோரியா அரசியார் 1853ஆம் ஆண்டு தம் பேற்றின்போது குளோரோபாரம் ஏற்ற பின்னரே அவ்வாதம் வலுவிழந்தது. மருத்துவரின் கழுவாத கையே பேற்றுக் காய்ச்சலைப் பரப்புகிறது என்று 1847ஆம் ஆண்டில் வியன்னாவில் கண்டறிந்த செம்மல்வைசைக் கற்றறிந்த மருத்துவர்களே பல்லாண்டு புறக்கணித்தனர். ஆனந்திபாய் கல்லூரியில் பயின்ற காலத்தில்தான் நோய்க்கிருமிக் கொள்கை மருத்துவ உலகில் வேரூன்றி வந்தது.

பட்டத்துக்கான ஆய்வேட்டுக்கு அவர் தேர்ந்த பொருள், ஆரிய இந்துக்களின் மகப்பேற்று மருத்துவம். வடமொழி மருத்துவ மரபையும் அமெரிக்கப் பாடநூல்களையும் அருகருகே வைத்து அதனை எழுதினார். கருவின் வளர்ச்சியைத் திங்கள்தோறும் விவரிப்பதும், நான்காம் திங்களில் தாயை இரண்டு இதயம் கொண்டவளாகக் கொண்டு அவள் வேட்கைகளை நிறைவேற்றச் சொல்வதும், குறுக்கே கிடக்கும் கருவை எடுக்கும் முறைகளை உரைப்பதும் சுசுருதரின் நூலில் உள்ளவை. தம் நாட்டின் அறிவை நாணமின்றி முன்வைக்கவும், அதன் குறையை மறுக்காமல் புதியது கற்கவும் ஒருங்கே துணிந்த மாணவியாக அவர் விளங்கினார். 1885ஆம் ஆண்டில் எடுத்த ஒளிப்படம் ஒன்றில் இந்தியாவின் ஆனந்திபாயும் சப்பானின் கேய் ஒகாமியும் சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலியும் தத்தம் நாட்டு உடையில் காட்சி தருகின்றனர்.

1886ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஆனந்திபாய் மருத்துவப் பட்டம் பெற்றார். பண்டித ரமாபாய் அவ்விழாவைக் காண வந்திருந்தார். கோலாப்பூர் சமத்தானம் தன் ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்கு அவரைப் பொறுப்பு மருத்துவராக அமர்த்தியது. ஆனால் காசநோய் முற்றியிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் தாயகம் திரும்பியவரை, முன்பு இகழ்ந்த சமூகமே வரவேற்றது. 1887ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், இருபத்திரண்டு வயது நிறைவதற்கு முன்பே, புனே நகரில் அவர் உயிர் நீத்தார். கோலாப்பூர் மருத்துவமனையின் பொறுப்பை அவர் ஏற்கவே இல்லை. அவரது சாம்பல் அமெரிக்காவிலிருந்த கார்ப்பெண்டருக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி நகரில், தம் குடும்பத்தினர் உறங்கும் இடுகாட்டில் அவர் அதனை அடக்கம் செய்தார்.