சிகரத்தை எட்டாத சைக்கிள் வீரர்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸே முக்கி முனகிக்கொண்டுதான் ஏறும். 2008-இல் தொடங்கிய 'டூர் ஆப் நீல்கிரீஸ்' பயணத்தில் எத்தனையோ பேர் இந்த மலைச் சாலைகளில் சைக்கிள் மிதித்து ஏறியிருக்கிறார்கள்! வழியெல்லாம் மரநிழலும் தேயிலைக் காற்றும் அவர்களுக்குத் துணை.

பிரான்ஸ் தேசத்தில் வான்தூ என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் 1,909 மீட்டர். குன்னூரைவிடச் சற்றே உயரம், ஊட்டியைவிடத் தாழ்வு. ஆனால் அதன் உச்சிப் பகுதியில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புக் கல் வெயிலில் தகிக்கும். 1967-ஆம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி அந்த மலையில்தான் உலகப் புகழ் பெற்ற சைக்கிள் வீரர் ஒருவர் விழுந்து உயிர் விட்டார். அவர் பெயர் டாம் சிம்ப்சன்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

சிம்ப்சன் 1937-இல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஆறு குழந்தைகளில் இவர்தான் கடைக்குட்டி. சிறுவனாக இருந்தபோது மளிகைச் சாமான்களைச் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கால்களே பிறகு அவரை உலகம் சுற்ற வைத்தன.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்ற பிரிட்டிஷ் அணியில் இவரும் ஒருவர். அப்போது வயது 19. மூன்று வருஷம் கழித்து, சேமித்த சிறு தொகையுடன் பிரான்ஸுக்குக் கிளம்பினார். பாஷை தெரியாது, பந்தயம் தெரியும்.

1962-இல் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் முன்னணி வீரருக்கு உரிய மஞ்சள் சட்டையை ஒரு நாள் அணிந்தார். அந்தச் சட்டையை அணிந்த முதல் பிரிட்டிஷ்காரர் இவரே. 1965-இல் உலகச் சாம்பியன் ஆனார். ஆங்கிலேய கனவான் போலத் தொப்பியும் குடையுமாகப் பத்திரிகைகளுக்குப் படம் கொடுத்துச் சிரிக்க வைப்பார். பிரெஞ்சு ரசிகர்கள் அவரைச் செல்லமாக 'மேஜர்' என்றே அழைத்தார்கள்.

அதிர்ஷ்டம் நிலைக்கவில்லை. பனிச்சறுக்கில் கால் முறிந்தது. 1966-ஆம் வருஷம் வீணாயிற்று. வயதோ முப்பதை நெருங்கியது. அடுத்த டூரில் நல்ல இடம் பிடித்தால்தான் வருமானம் நிலைக்கும் என்ற நிலை.

அந்த ஒரு நாள்

1967 டூரின் 13-ஆவது கட்டம் அது. சிம்ப்சனுக்குச் சில நாட்களாகவே வயிற்றுக் கோளாறு. நெருப்பாய்க் கொளுத்தும் வெயில். அந்நாள் விதிப்படி வீரர்களுக்குக் கிடைத்த தண்ணீரும் கொஞ்சமே.

சிகரம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் சைக்கிள் தள்ளாடியது. விழுந்தார். எழுப்பி ஏற்றிவிட்டார்கள். சில நூறு கஜம் போய் மறுபடி விழுந்தார். டூரின் வைத்தியர் பியேர் துமா வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார். ஹெலிகாப்டரில் அவிஞ்ஞோன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பலனில்லை. வயது 29.

கையெழுத்திட மறுத்த டாக்டர்

அவருடைய சட்டைப் பையில் மூன்று மாத்திரைக் குழாய்கள் கிடைத்தன. இரண்டு காலி, ஒன்றில் பாதி. வெயிலில் நேர்ந்த மரணம் என்று எழுதி அடக்கம் செய்திருக்கலாம். துமா அடக்கத்துக்கான சான்றிதழில் கையெழுத்திட மறுத்துவிட்டார். பிரேதப் பரிசோதனை நடந்தது. உடலில் ஆம்பெட்டமைன் என்ற ஊக்க மருந்தும் மதுவும் இருந்தன.

ஆம்பெட்டமைன் புதுப் பலம் எதையும் தருவதில்லை. களைப்பு என்னும் எச்சரிக்கை மணியை அடிக்க விடாமல் அமுக்கிவிடும், அவ்வளவுதான். உடல் நில் என்று சொல்லும், மனத்துக்குக் கேட்காது. நீர் வற்றி, சூடேறி, இருதயம் நின்றது.

இதற்கு முன்னே எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1965-இலேயே பிரான்ஸ் ஊக்க மருந்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1966 டூரில் வைத்தியர்கள் சிறுநீர்ச் சோதனைக்கு வந்தபோது, வீரர்கள் மறுநாள் சைக்கிளை விட்டிறங்கி நடந்து ஆட்சேபம் தெரிவித்தார்கள். தங்கள் மானத்துக்கு இழுக்கு என்று எண்ணினார்கள். அடுத்த வருஷமே தங்களில் ஒருவரைப் பறிகொடுத்தார்கள்.

சாவுக்குப் பின் வந்த சோதனை

1968 டூரில் தினந்தோறும் சோதனை நடந்தது. அதே வருஷம் ஒலிம்பிக்கிலும் சோதனை புகுந்தது. மெக்ஸிகோவில் ஸ்வீடன் வீரர் ஒருவர், பதற்றம் தணியக் குடித்த பீருக்காக அணியின் பதக்கத்தையே இழந்தார்.

இன்று உலக ஊக்க மருந்துத் தடுப்பு அமைப்பு 1999 முதல் இயங்கி வருகிறது. நம் நாட்டிலும் இதற்கெனத் தேசிய முகமையும், 2022-இல் இயற்றிய சட்டமும் உண்டு. வீரரின் சிறுநீரை இரண்டு குப்பிகளில் முத்திரையிட்டு அனுப்புகிறார்கள். குப்பியில் பெயர் இராது, எண் மட்டுமே. முதல் குப்பியில் மருந்து தென்பட்டால், இரண்டாவதைத் தம் தரப்பினர் முன்னிலையில் திறந்து சோதிக்கும்படி வீரர் கேட்கலாம். விளக்கம் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் தெரியாமல் உட்கொண்டேன் என்று சொன்னால் மட்டும் தப்ப முடியாது. தம் உடலுக்குள் போவதற்குத் தாமே பொறுப்பு.

இந்த விதி கொடுமையாகத் தோன்றலாம். இருமல் மருந்து வாங்கும்போதுகூட வீரர் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் சிம்ப்சனின் உடலிலிருந்து ருசு கிடைத்தது அவர் இறந்த பிறகு. இன்றோ அது உயிரோடு இருக்கும்போதே கிடைக்கிறது. பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டவர் வீட்டுக்காவது திரும்பிப் போகலாம்.

வான்தூ மலையில், அவர் விழுந்த இடத்தருகே, ஒரு நினைவுக் கல் நிற்கிறது. ஏறிப் போகிற சைக்கிள்காரர்கள் அங்கே இறங்கி, தண்ணீர்க் குப்பியையோ தொப்பியையோ வைத்துவிட்டுப் போகிறார்கள். தாகத்தோடு போனவருக்கு அவர்கள் செலுத்தும் காணிக்கை அது.