விளக்கு தந்த விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட்

காரின் புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும். அதிலுள்ள சிர்கோனியா பீங்கான் சுமார் 300 டிகிரி சூடானாத்தான் வேலை செய்யும். அதனால் பழைய காரில் ஹீட்டர் வைத்த சென்சார் மாட்டும்போது, ஹீட்டருக்குத் தனியா 12 வோல்ட் ஒயரும் எர்த் ஒயரும் கொடுப்பாங்க. இதற்கு வழி காட்டியவர்தான் நெர்ன்ஸ்ட்.

1864 ஜூன் 25-இல் பிரஷ்யாவின் பிரீசன் ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போ போலந்தில் இருக்கு. இரண்டு பக்கமும் அடர்த்தி வேறுபட்டால் எவ்வளவு மின்னழுத்தம் வரும் என்று கணக்கிடும் சமன்பாட்டை 1889-இல் தந்தார். 1897-இல் சிர்கோனியா கலந்த குச்சியை வைத்து ஒரு மின்விளக்கு செய்தார். குச்சி சூடாகாமல் மின்சாரம் பாயாது. அதனால் பக்கத்திலேயே ஹீட்டர் கம்பி வெச்சாங்க! டங்ஸ்டன் பல்பு வந்ததும் அந்த விளக்கு மறைந்துபோச்சு.

முதல் உலகப்போரில் தன் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தார். ஆனாலும் ஆராய்ச்சியை விடல. 1920-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றார். 1941-இல் மறைந்தார்.

1976-இல் வோல்வோ காரில் சிர்கோனியா சென்சார் வந்தது. அது அவருடைய சமன்பாட்டின்படிதான் வேலை செய்யுது. அதைப் பார்க்க அவர் இல்லை. விளக்கு அணைஞ்சாலும் உழைப்பு அணையல. நாமும் மனம் தளராமல் படிப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி