தோற்றுப்போன வழக்கு, ஜெயித்த கேள்வி: விசாரணை இல்லாத சிறையை எதிர்த்த ஏ.கே.கோபாலன் யார்?

ஒருவரைப் பிடித்து உள்ளே வைக்கிறார்கள். அவர் குற்றம் செய்தார் என்று வழக்கு இல்லை. சாட்சி இல்லை, தீர்ப்பும் இல்லை. வெளியே விட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று ஓர் அதிகாரி நினைக்கிறார், அவ்வளவுதான். இதற்குப் பெயர் தடுப்புக் காவல்.

தேசிய பாதுகாப்புச் சட்டம், குண்டர் சட்டம் என்று இன்று நாம் செய்திகளில் அடிக்கடி கேட்கும் பெயர்கள் எல்லாம் இந்த வகைதான். இப்படி உள்ளே வைப்பது சரியா என்று சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றத்தில் முதன்முதலில் பெரிய அளவில் கேட்டவர் ஒரு கைதி. பெயர் ஏ.கே.கோபாலன். கேரளாவில் ஏ.கே.ஜி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

யார் இந்த ஏ.கே.ஜி?

1904ல் இன்றைய கேரளாவின் கண்ணூர் பகுதியில், பெரளசேரி அருகே பிறந்தவர். மலபார் என்று அழைக்கப்பட்ட அந்தப் பகுதி அப்போது மெட்ராஸ் மாகாணத்தோடு இருந்தது. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். 1930ல் உப்பு சத்தியாகிரகத்துக்காக வேலையை விட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனார். அடுத்த ஆண்டு, எல்லா சாதியினரையும் கோயிலுக்குள் விட வேண்டும் என்று நடந்த குருவாயூர் சத்தியாகிரகத்தில் தொண்டர் படைக்குத் தலைவர். அங்கே அடி வாங்கினார்.

1936ல் வேலையின்மையையும் பட்டினியையும் கவனத்துக்குக் கொண்டுவர, மலபாரில் இருந்து மெட்ராஸ் வரை ஒரு பட்டினி நடைப்பயணத்தை நடத்தினார். காங்கிரஸில் தொடங்கி, காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்து சேர்ந்தார்.

1941ல் பிரிட்டிஷ் அரசு அவரை வேலூர் சிறையில் அடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சிறைச் சுவரில் ஓட்டை போட்டுத் தப்பினார். போர் முடியும் காலம் வரை தலைமறைவு வாழ்க்கைதான்.

சுதந்திர நாளில் எங்கே இருந்தார்?

1947 ஆகஸ்ட் 15. நாடே கொடியேற்றிக் கொண்டாடியது. பிரிட்டிஷாரை எதிர்த்துப் பல முறை சிறை போன ஏ.கே.ஜி அன்றும் கண்ணூர் சிறைக்குள் இருந்தார். அதன்பிறகு வெளியே விட்டார்கள். ஆனால் அது சில வாரக் கதைதான். 1947 டிசம்பரில் மறுபடியும் உள்ளே.

இந்த முறை வைத்தது சொந்த நாட்டு அரசு. சாதாரணக் குற்றச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குகள் போடப்பட்டன, தண்டனையும் கிடைத்தது. மேல்முறையீட்டில் அந்தத் தண்டனைகள் ரத்தாகின. ஆனாலும் கதவு திறக்கவில்லை. மெட்ராஸ் மாகாணத்தின் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காவல் தொடர்ந்தது.

அரசுக்கு என்ன பயம்?

அரசின் கவலை கற்பனை இல்லை. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1948ல் கம்யூனிஸ்ட் கட்சி, புதிய அரசைக் கவிழ்க்கும் புரட்சிப் பாதையை எடுத்திருந்தது. பிரிவினையின் ரத்தம் இன்னும் காயவில்லை. நாடே சிதறிவிடுமோ என்ற அச்சம் டெல்லியில் இருந்தது.

1950 ஜனவரி 26ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. உடனே ஒரு சிக்கல். பழைய மாகாணச் சட்டங்களின் கீழ் உள்ளே இருப்பவர்கள், புதிய அடிப்படை உரிமைகளைக் காட்டி நீதிமன்றம் போகத் தொடங்கினார்கள். ஒரே மாதத்தில் பதில் வந்தது. உள்துறை அமைச்சர் வல்லபாய் படேல் தடுப்புக் காவல் மசோதாவைக் கொண்டுவந்தார். பிப்ரவரி 25 அன்று, ஒரே நாளில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது.

மார்ச் 1ஆம் தேதி, சிறைக்குள்ளேயே ஏ.கே.ஜி கையில் புதிய சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு தரப்பட்டது. ஆள் அதே ஆள்தான், ஜெயிலும் ஜெயில்தான். மாறியது காகிதம் மட்டும்.

வழக்கில் அப்படி என்ன இருந்தது?

உச்ச நீதிமன்றம் தொடங்கி அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தனிக் கட்டடம்கூட இல்லை, நாடாளுமன்ற வளாகத்திலேயே இயங்கியது. அங்கே அந்த ஆண்டின் 13வது மனுவாக ஏ.கே.ஜியின் வழக்கு போனது. அவருக்காக வாதாடியவர் எம்.கே.நம்பியார். எதிர்ப்பக்கம் மெட்ராஸ் அரசுக்கு அட்வகேட் ஜெனரல் கே.ராஜா அய்யர், மத்திய அரசுக்கு அட்டர்னி ஜெனரல் எம்.சி.செதல்வாட்.

சண்டை அரசியலமைப்பின் 21வது பிரிவைச் சுற்றி. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. சரி, நாடாளுமன்றம் எந்த நடைமுறையை எழுதி வைத்தாலும் போதுமா? இல்லை, அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டுமா?

நியாயமாகத்தான் இருக்க வேண்டும் என்பது நம்பியாரின் வாதம். ஒருவரை அடைக்கும் முன் காரணம் சொல்லணும், அவர் தரப்பைக் கேட்கணும், நடுநிலையான ஒருவர் அதைப் பார்க்கணும். இது இல்லை என்றால் அது சட்டத்தின் பெயரில் நடக்கும் அதிகாரம் மட்டும்தான் என்றார்.

புதிய சட்டத்தில் இரண்டு இடங்கள் குறிப்பாக உறுத்தின. 12வது பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்கள் என்றால் ஆலோசனைக் குழுவிடம் அனுப்பாமலேயே ஓராண்டு வரை வைத்திருக்க அனுமதித்தது. 14வது பிரிவு இன்னும் கடுமை. தன்னை ஏன் அடைத்தார்கள் என்று கைதிக்குச் சொல்லப்பட்ட காரணத்தை, அவர் நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது. அதாவது, தப்பான காரணத்துக்காக அடைத்திருக்கிறார்கள் என்று நீதிபதியிடம் முறையிடவே வழி கிடையாது.

தீர்ப்பு என்ன ஆச்சு?

1950 மே 19ல் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 14வது பிரிவு செல்லாது என்பதில் ஆறு பேரும் ஒன்றாக நின்றார்கள். காரணத்தை நீதிமன்றத்திடமே மறைக்க முடியாது என்று ஆனது. பாதுகாப்பு ரகசியம் என்ற சுவரில் விழுந்த முதல் ஓட்டை அதுதான்.

மற்றபடி தோல்வி. நாடாளுமன்றம் முறைப்படி சட்டம் போட்டிருந்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் அளந்து பார்க்க வேண்டியதில்லை என்றது பெரும்பான்மை. ஒவ்வோர் அடிப்படை உரிமையும் தனித்தனி அறை மாதிரி, ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறக்காது என்பது அவர்கள் பார்வை.

நீதிபதி ஃபசல் அலி மட்டும் முழுமையாக எதிர்த்து எழுதினார். அறிவிப்பு, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான தீர்ப்பாயம், ஒழுங்கான நடைமுறை ஆகிய நான்கும் இல்லாமல் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்பது அவர் நிலை. 12வது பிரிவு விஷயத்தில் நீதிபதி மகாஜனும் அரசோடு உடன்படவில்லை. ஆனால் எண்ணிக்கை போதவில்லை. ஏ.கே.ஜி சிறையிலேயே இருந்தார்.

பிறகு அவர் என்ன செய்தார்?

1951ல் வெளியே வந்தார். 1952ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கண்ணூரில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். நாட்டுக்கு ஆபத்தானவர் என்று அடைக்கப்பட்டவர், அதே நாட்டின் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையின் முக்கியக் குரலானார். தொடர்ந்து ஐந்து முறை எம்.பி. 1950களின் கடைசியில் காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது, வேலை இழந்த தொழிலாளர்களைக் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டினார். இன்று நாம் டீ, கட்லெட் சாப்பிடும் இந்தியன் காபி ஹவுஸ்கள் அப்படி வந்தவை.

சிறை அவரை விடவில்லை. 1960களின் நடுவில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் மீண்டும் காவல். மீண்டும் உச்ச நீதிமன்றம் போனார்.

1975 ஜூனில் அவசரநிலை வந்தது. ஏ.கே.ஜியும் கைதாகி, சில நாட்களில் வெளியே வந்தார். ஜூலையில் மக்களவை கூடியபோது, சக எம்.பி.க்கள் பலர் சிறையில் இருக்க, அவசரநிலையை எதிர்த்து எழுந்து பேசினார். அப்போது வயது 70.

அந்தக் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். அவசரநிலை இருக்கும்வரை, சட்டவிரோதமாக அடைத்தாலும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. எதிர்த்து நின்ற ஒரே நீதிபதி எச்.ஆர்.கன்னா.

1977 மார்ச் 21ல் அவசரநிலை விலக்கப்பட்டது. மறுநாள், மார்ச் 22ல் ஏ.கே.ஜி காலமானார்.

தோற்ற வழக்கு எப்படி ஜெயித்தது?

அவர் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியது. காரணம் கேட்டால், பொதுநலன் கருதி சொல்ல முடியாது என்று பதில். 1978 ஜனவரி 25ல் ஏழு நீதிபதிகள் அமர்வு, சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமாக, நேர்மையாக, அறிவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றது. 28 ஆண்டுகளுக்கு முன் ஏ.கே.ஜி தரப்பு கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். அதே ஆண்டு வந்த 44வது திருத்தம், அவசரநிலையிலும் 21வது பிரிவை முடக்க முடியாது என்று ஆக்கியது. 1976 தீர்ப்பை 2017ல் உச்ச நீதிமன்றமே தூக்கி எறிந்தது.

இன்று நிலைமை என்ன?

1950ன் சட்டம் 1969 கடைசியில் காலாவதியானது. 1971ல் மிசா வந்தது. அது போன பிறகு 1980ல் தேசிய பாதுகாப்புச் சட்டம் வந்தது, அது இன்றும் இருக்கிறது. அதன் கீழ் 12 மாதம் வரை வைத்திருக்கலாம். காரணத்தைச் சில நாட்களுக்குள் சொல்ல வேண்டும், ஆனால் பொதுநலனுக்கு எதிரானது என்று அரசு கருதும் தகவலைச் சொல்லாமல் விடலாம். ஆலோசனைக் குழு முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கைதிக்கு இல்லை. தமிழ்நாட்டில் 1982 முதல் உள்ள குண்டர் சட்டத்திலும் அதிகபட்சம் 12 மாதம்தான்.

குழுவிடம் அனுப்பாமல் வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்தில் இருந்து இரண்டாகக் குறைக்கவும் 44வது திருத்தத்தில் வழி செய்யப்பட்டது. அந்தப் பகுதி மட்டும் இன்றுவரை அமலுக்கு வரவில்லை.

ஏ.கே.ஜியின் அரசியலை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. அவர் வழக்கு எழுப்பிய கேள்வி அதைப் பொறுத்தது அல்ல. ஆபத்தைத் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதை அந்தக் கேள்வி மறுக்கவும் இல்லை. இவர் ஆபத்தானவர் என்று அரசு சொன்னால், அது உண்மையா என்று வேறு யாராவது பார்க்க வேண்டாமா? அவ்வளவுதான் அவர் கேட்டது.