டாக்டர் சுப்பராவ்

உளுத்த பலகையைக் காலத்தில் கழற்றாவிடில் நல்ல தோணியும் நீரில் நில்லாதென்பது கீழக்கரை வாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டுவதன்று. கழற்றுவதற்கும் உழைப்பு வேண்டும். நமது தேகத்தின் ஒவ்வோர் உயிரணுவிலும் இவ்வேலை ஓயாது நடைபெறுகிறது. பழுதுற்ற புரதங்களும் பயன் முடிந்த புரதங்களும் அங்கே இனங்கண்டு சிதைக்கப்படுகின்றன. இதற்குச் சக்தியளிக்கும் பொருளைக் கண்டவர்களுள் ஒருவர் சென்னையில் பயின்ற நம் நாட்டவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்?

எல்லாப்பிரகட சுப்பராவ் 1895-ம் வருஷம், அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமையினூடே வளர்ந்து சென்னை மருத்துவக் கல்லூரியை அடைந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அங்கே கதர் உடுத்தினார். ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீக்ஷையில் நன்கு தேறியும், முழுப் பட்டம் மறுக்கப்பட்டு, தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே அவருக்குக் கிட்டியது.

1922-ல் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் பிஸ்க் என்பவருடன் ஆராய்ந்து, 1929-ல் தசையினின்று ஏ.டி.பி. என்னும் பொருளைப் பிரித்தறிந்தார். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அவ்வாண்டிலேயே தனித்து அதனைக் கண்டார். உணவினால் பெறும் சக்தியை உயிரணு செலவிடுவதற்குரிய நாணயம் இதுவே.

ஆக்குவதற்கே சக்தி வேண்டும், அழிவு தானே நேரும் என எண்ணுவது இயல்பு. அவ்வாறன்று என்பதை 1953-ல் சிம்ப்ஸன் என்பவர் காட்டினார். அது நிகழும் முறையைக் கண்டதற்காக ஹெர்ஷ்கோ, சீக்கனோவர், ரோஸ் ஆகிய மூவரும் 2004-ல் நோபல் பரிசு பெற்றனர். கழிக்க வேண்டிய புரதத்தின் மீது உபிகுவிட்டின் என்னும் சிறு புரதம் முத்திரையாகப் பொருத்தப்படுகிறது. முத்திரை பெற்றதைப் புரோட்டியசோம் என்னும் பீப்பாய் வடிவ ஆலை விரித்துத் துண்டாக்குகிறது. முத்திரையிடவும் விரிக்கவும் செலவாவது ஏ.டி.பி.யே. துண்டுகள் அமினோ அமிலங்களாகிப் புதுப் புரதங்களுக்கு உதவுகின்றன.

இவ்வுண்மைகளைக் காணச் சுப்பராவ் உயிரோடில்லை. தாய்நாடு திரும்பாமலே 1948-ல் நியூயார்க்கில் காலமானார். யானைக்கால் நோய்க்கு நம் மக்கள் இன்றும் உண்ணும் மருந்து அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பயனே. 1995-ல் நம் அரசாங்கம் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அது போதாது. ஏ.டி.பி.யைக் கற்பிக்கும் ஒவ்வொரு பாடசாலையிலும் அவர் பெயரும் சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும். கதருக்காகப் பட்டம் மறுக்கப்பட்டவருக்கு நாம் செலுத்தத்தக்க கடன் அதுவே.