மறதியை ஆராய்ந்த மருத்துவர்

முதுமை வந்தால் மறதியும் உடன்வரும் என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். கொடிய மறதியுள் ஒருவகை, மூளையையே சிதைக்கும் நோயின் விளைவு என்று காட்டியவர் அலோய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர்.

அவர் 1864ஆம் ஆண்டு மார்க்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். மருத்துவம் பயின்று தேறி, 1888ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் பணி ஏற்றார். மூளைத் திசுக்களுக்குச் சாயமேற்றிக் காண்பதில் வல்லவரான பிரான்ஸ் நிசில் அங்கே அவர்க்கு உற்ற நண்பரானார். நோயாளிகளோடு உரையாடுவதும், பின்னர் நுண்ணோக்கியின்முன் அமர்வதுமே இருவர்க்கும் வாழ்க்கையாயின.

1901ஆம் ஆண்டில் அல்சைமரின் மனைவியார் மூன்று குழந்தைகளை விட்டு மறைந்தார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அகுஸ்தே என்னும் அம்மையாரை மருத்துவமனைக்கு அழைத்து வந்தனர். அவருக்கு வயது 51. முதுமை என்று சொல்லத்தக்க வயதன்று. எனினும் அவர் தம் வீட்டிலேயே வழி தெரியாது தடுமாறினார். கணவரைக் காரணமின்றி ஐயுற்றார். அல்சைமர் அருகமர்ந்து பரிவோடு வினவினார். விடைகள் அனைத்தையும் எழுதிக்கொண்டார். காட்டிய பொருளின் பெயரைச் சரியாகக் கூறிய அம்மையார், சிறிது நேரத்தில் அதனைக் கண்டதையே மறந்தார். பெயரை எழுதச் சொன்னபோது முதற்சொல்லோடு நின்றுவிட்டார். மீதியை அவர் மறந்திருந்தார்!

1903ஆம் ஆண்டில் அல்சைமர் பிராங்க்பர்ட்டை விட்டு நீங்கினார். பின்னர் மியூனிக் நகரில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஆயினும் அம்மையாரின் நிலையைக் கேட்டறிந்து வந்தார். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அம்மையார் இறக்கவே, அவருடைய மூளையும் நோய்க்குறிப்புகளும் மியூனிக்கிற்கு வந்து சேர்ந்தன. வெள்ளி உப்பினால் நிறமூட்டி ஆராய்ந்தார் அல்சைமர். மூளை சுருங்கியிருந்தது, நரம்பணுக்கள் பல அழிந்திருந்தன. எஞ்சிய அணுக்கள் பலவற்றினுள் சிக்குண்ட நூல்போன்ற இழைகளும், அணுக்களுக்கு வெளியே சிறுசிறு படிவுகளும் காணப்பட்டன.

அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் அவர் இதனை எடுத்துரைத்தார். அவையில் ஒருவரேனும் வினா எழுப்பவில்லை. அவர் சோர்ந்து கைவிடாமல் அடுத்த ஆண்டே அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். 1910ஆம் ஆண்டில் பேராசிரியர் கிரேப்பலின் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

1915ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெஸ்லாவ் நகரில் அல்சைமர் காலமானார். அப்போது அவருக்கும் வயது 51. காணாமற்போனதாகக் கருதப்பட்ட அகுஸ்தேயின் நோய்க்குறிப்பேடு 1995ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட்டில் மீண்டும் கிடைத்தது. அம்மையார் எழுத முயன்று நிறைவுறாத பெயரும் அதில் இருந்தது.