ஸ்பென்சர் கடையில் கணக்கெழுதிய திரு.வி.க.: கடை ஊழியர் வேலைக்கு அப்போ என்ன பாதுகாப்பு? இப்போ என்ன?

அண்ணா சாலையில் இன்று ஸ்பென்சர் பிளாசா நிற்கும் இடத்தில், நூறு வருஷத்துக்கும் முன்பு ஓர் இளைஞர் கணக்கெழுதிக் கொண்டிருந்தார். வயது 24, 25 இருக்கும். மெட்ரிக் முடிக்கவில்லை. திலகரின் அரசியல் மேல் பிடிப்பு வந்தது. வெள்ளைக்கார கம்பெனிக்கு அது பிடிக்காத விஷயம். கடைசியில் வேலையை விட்டு விலக நேர்ந்தது.

அந்தக் கணக்கர்தான் பின்னாளில் 'தமிழ்த்தென்றல்' என்று பெயர் வாங்கிய திரு.வி.கல்யாணசுந்தரம். தமிழறிஞர், மேடைப் பேச்சாளர், பத்திரிகை ஆசிரியர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அவர் ஒரு கடையின் சம்பளக்காரராக இருந்ததும், அந்த வேலை எவ்வளவு சுலபமாகக் கை நழுவியது என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை.

பரீட்சை போச்சு, வேலை?

திரு.வி.க. பிறந்தது 1883 ஆகஸ்ட் 26. ஊர், சென்னைக்குப் பக்கத்தில் உள்ள துள்ளம். அப்பா விருத்தாசல முதலியார் ஆசிரியர் வேலையோடு வியாபாரமும் பார்த்தவர். படிக்க இராயப்பேட்டைக்கு வந்த பையனுக்கு நடுவில் நோய் வந்து படிப்பு தடைபட்டது. பிறகு வெஸ்லி பள்ளி. அங்கே தமிழாசிரியராக இருந்தவர் யாழ்ப்பாணத்து நா.கதிரைவேற்பிள்ளை.

இந்த ஆசிரியர்தான் மாணவரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டார், அதுவும் வேண்டுமென்றே அல்ல. வள்ளலார் பாடல்களை 'அருட்பா' என்று சொல்லலாமா கூடாதா என்று அன்றைக்குப் பெரிய சண்டை, வழக்கு வரை போனது. அதில் கதிரைவேற்பிள்ளைக்காகச் சாட்சி சொல்ல மாணவர் நீதிமன்றம் போனார். 1904-ல் எழுத வேண்டிய இறுதித் தேர்வை எழுத முடியாமல் போய்விட்டது. பள்ளிப் படிப்பு அத்தோடு சரி. அதற்குப் பிறகு மயிலை தணிகாசல முதலியாரிடம் தமிழும் சைவ சாத்திரமும் கற்றார்.

அறிவுக்குக் குறைவில்லை, கையில் சான்றிதழ் இல்லை. அந்தக் காலத்துச் சென்னையில் ஆங்கில கம்பெனிகளில் நுழைய கொஞ்சம் ஆங்கிலம், கணக்கு, நல்ல கையெழுத்து, கூடவே ஒரு தெரிந்தவர் வேண்டும். இந்தியர்களின் கடைகளிலோ உறவும் சாதியும் ஊர்ப் பழக்கமும்தான் நேர்முகத் தேர்வு.

ஸ்பென்சர் சாதாரணக் கடை இல்லை. 1860-களில் சார்லஸ் டியூரண்டும் ஜே.டபிள்யூ.ஸ்பென்சரும் தொடங்கியது; பிறகு யூஜின் ஓக் ஷாட் கைக்கு வந்து, 1890-களில் மவுண்ட் ரோட்டில் பிரம்மாண்டக் கட்டடமாக எழுந்தது. வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு வேண்டிய எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அதில் கணக்கர் வேலை என்றால் ஊரில் மதிப்புதான். (தி.நகர் அப்போது ஷாப்பிங் ஏரியா கிடையாது, நிஜமாகவே ஏரி. அந்த நீண்ட ஏரியைத் தூர்த்து மனைகளாக்கியது 1920-களில்.)

மதிப்பு இருந்தது, பாதுகாப்பு இல்லை. ஒரு கடை ஊழியர் வேலையை விட்டுப் போக நேர்ந்தால் முன்கூட்டி நோட்டீஸ் தரணும், காரணம் சொல்லணும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் கடைச் சட்டம் எதுவும் 1908-ல் கிடையாது. ஆலைகளுக்காவது தொழிற்சாலைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதுவும் எப்படிப்பட்டது? 1911-ம் ஆண்டுச் சட்டம் துணி ஆலைகளில் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதித்தது. கடைகளுக்கு அந்த வரம்பும் இல்லை.

கடையில் தொடங்கிய சங்கம்

ஸ்பென்சரை விட்ட பிறகு 1910-லிருந்து ஆயிரம் விளக்கு வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியர். பிறகு இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். 1917 டிசம்பரில் அந்த வேலையையும் உதறிவிட்டு 'தேசபக்தன்' நாளிதழுக்கு ஆசிரியரானார். குடும்பஸ்தர் ஒருவர் நிலையான ஆசிரியர் வேலையை விடுவது அன்றைக்கும் சின்ன முடிவு அல்ல.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள். அங்கே மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். வேலைக்கு எடுப்பதும் அவர் கை, வெளியே அனுப்புவதும் அவர் கை. ஆலைத் தொழிலாளர்கள் மனக்குறையைக் கொட்டிய இடம் அந்த வட்டாரத்து வியாபாரிகளான செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு இருவரிடமும். சரக்கு வாங்க வந்தவர்கள் பேசிய பேச்சை இவர்கள் சும்மா கேட்டுவிட்டு விடவில்லை. அடையாறு தியசாபிகல் சொசைட்டியைச் சேர்ந்த பி.பி.வாடியாவிடம் கொண்டு போனார்கள்.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். ஆரம்பத்தில் எழுந்த கோரிக்கைகளில் முக்கியமானது மதியச் சாப்பாட்டு நேரம். 30 நிமிஷத்தை 40 நிமிஷமாக்குங்கள் என்று கேட்டார்கள். பத்தே நிமிஷம்! கை கழுவி, சோற்றுப் பாத்திரம் திறந்து, தின்று முடித்து மறுபடி வாசலுக்கு ஓடுகிற ஒருவருக்கு அது பெரிய விஷயம்.

மேடைப் பேச்சு என்றாலே ஆங்கிலம் என்றிருந்த காலத்தில் திரு.வி.க. தொழிலாளர்களிடம் தமிழில் பேசினார். அதே 1918 செப்டம்பரில் மனைவி கமலாம்பிகை இறந்தார். பிறந்த இரு குழந்தைகளும் தங்கவில்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1920-ல் பின்னி கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள் என்று சங்கத் தலைவர்கள் மேல் வழக்கு. தடை உத்தரவும் கிடைத்தது. அதாவது, சங்கம் நடத்துவதே நஷ்டஈடு கட்ட வேண்டிய காரியமாகிவிட்டது. இந்த அதிர்ச்சிதான் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சை நாடு முழுக்கக் கிளப்பி, 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் கொண்டுவந்து விட்டது.

தோற்றுப்போன போராட்டம்

1921 வேலைநிறுத்தம் அவர் வாழ்க்கையின் கடினமான பக்கம். மாதக்கணக்கில் நீண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆளுநர் வெலிங்டன் நாடு கடத்திவிடுவதாக எச்சரித்தார். அதற்கு அவர் அசையவில்லை. ஆனால், சங்கம் வேறொரு இடத்தில் உடைந்தது. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் மோதல் வெடித்தது. அவர்களுக்காகப் பேசிய எம்.சி.ராஜா, அதே 1883-ல் பிறந்து அதே வெஸ்லி பள்ளியில் படித்தவர். ஒரே பள்ளிக்கூடத்து இருவர் எதிரெதிர் பக்கம். பட்டினி எல்லோருக்கும் ஒன்று அல்ல, கடன் வாங்க வழியில்லாதவருக்கு வேலைநிறுத்தம் வேறு மாதிரி வலிக்கும் என்பதைச் சங்கத் தலைமை முன்பே கணக்கில் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கடைசியில் தொழிலாளர்கள் கோரிக்கை நிறைவேறாமலே உள்ளே போனார்கள்.

அதன் பிறகும் திரு.வி.க. தொழிலாளர் மேடையை விடவில்லை. 1920-ல் தொடங்கிய 'நவசக்தி' வார இதழை நடத்தினார். கல்கி அங்கே உதவி ஆசிரியராக இருந்தார். புத்தகங்கள் எழுதினார், காங்கிரஸில் இருந்தார், விலகினார்.

1947: வீட்டுக்காவலும் கடைச் சட்டமும்

சுதந்திரம் வந்த 1947-ல் மறுபடியும் ஆலை வேலைநிறுத்தம். 60 வயதைத் தாண்டிய திரு.வி.க.வை அப்போதைய காங்கிரஸ் அரசு இராயப்பேட்டை வீட்டிலேயே காவலில் வைத்தது. அதே வருஷத்துச் சட்டம்தான் சென்னை மாகாணக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். பம்பாய் 1939-லேயே இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அவர் ஸ்பென்சரை விட்டு ஏறக்குறைய 40 வருஷம் கழித்து, கடை ஊழியர் என்று ஒரு தொழிலாளி இருக்கிறார் என்பதைச் சென்னையின் சட்டம் முழுசாக ஒத்துக்கொண்டது.

அதில் என்ன இருக்கு? ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது சாதாரண வேலை நேரம். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை. முக்கியமானது 41-வது பிரிவு: 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை வேண்டும். நீக்கியது தவறு என்றால் மேல்முறையீடு செய்யலாம். 1908-ல் ஒரு கணக்கருக்கு இல்லாமல் போனது இதுதான்.

1948-ல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் கடைகளும் வணிக நிறுவனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் விலைவாசிக் குறியீட்டோடு நகரும் பஞ்சப்படி என்று கணக்கு. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இ.எஸ்.ஐ.; 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப். பேப்பரில் பார்த்தால் நல்ல மாற்றம்தான்.

நடைமுறைக்கு வருவோம். தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் 'ஆட்கள் தேவை, உணவு தங்குமிடம் இலவசம்' என்று போர்டு தொங்குவதைப் பார்க்கலாம். தென்மாவட்டத்துப் பிள்ளைகள் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து வந்து சேர்கிறார்கள். 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படம் காட்டிய உலகம் இது. தெரிந்தவர் மூலம் வேலை என்ற பழைய வழி போகவே இல்லை. 1996-ல் சென்னையில் தொடங்கிய ஃபுட்வேர்ல்டு மாதிரி சூப்பர் மார்க்கெட்டுகள் சீருடை, பயிற்சி, விண்ணப்பம் என்று இன்னொரு வழியைத் திறந்தன. அதை நடத்தியதும் ஸ்பென்சரைக் கையில் வைத்திருந்த அதே குழுமம்தான். ஆனால் வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு இரண்டும் கையில் இல்லை என்றால் 41-வது பிரிவைக் காட்டி வழக்காடுவது கஷ்டம். 6 மாதம் வேலை பார்த்தேன் என்பதையே முதலில் நிரூபிக்கணும். தங்குமிடமும் கடையோடது என்றால் வேலை போகும் அன்றைக்கே படுக்கவும் இடம் போகும்.

நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார ஒரு இருக்கை தரணும் என்பது 2021-ல்தான் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஏறியது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் கேட்ட 1918-க்கும் இதுக்கும் இடையில் 103 வருஷம்.

திரு.வி.க. கடைசி வருஷங்களில் கண் பார்வை இழந்தார். அப்போதும் தான் சொல்லச் சொல்ல மற்றவர்களை எழுத வைத்துப் பாடல்கள் செய்தார். சொத்து எதுவும் சேர்க்கவில்லை. 1953 செப்டம்பர் 17-ல் காலமானார். இராயப்பேட்டையில் இருந்து மயிலாப்பூர் பக்கம் போகும் நெடுஞ்சாலைக்கு இப்போது அவர் பெயர்தான். ஆலைகள் இருந்த பக்கத்தில் திரு.வி.க. நகர் என்று ஒரு சட்டமன்றத் தொகுதியே இருக்கு.