மிரளும் குதிரையின் மனம் அறிந்த செனபோன்

செனபோன் என்ற பெயரைப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் நான் முதலில் அறிந்துகொண்டேன். சாக்ரடீஸின் மாணவர், படைத்தலைவர், வரலாற்று ஆசிரியர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. என்னைக் கவர்ந்ததோ, குதிரையேற்றம் பற்றி அவர் எழுதிய சிறிய நூல். தம்மைவிட இளைய நண்பர்களுக்காக அவர் எழுதிய அந்த நூலை, 2,300 ஆண்டுகளுக்குப் பிறகும் குதிரைப் பயிற்சியாளர்கள் படிக்கிறார்கள்.

கி.மு. 430 வாக்கில் ஏதென்ஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் செனபோன். கி.மு. 401இல், பாரசீக அரியணைக்காகத் தம் அண்ணனை எதிர்த்த இளவரசர் சைரஸின் படையோடு புறப்பட்டார். பாபிலோன் அருகே நடந்த போரில் சைரஸ் கொல்லப்பட்டார். பேச்சுவார்த்தை என்று அழைக்கப்பட்ட கிரேக்கத் தளபதிகளும் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 10,000 வீரர்கள் எதிரி மண்ணில் தலைமையின்றி நின்றபோது தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய தலைவர்களில் செனபோனும் ஒருவர். மலைகளையும் பனியையும் கடந்து, மறு ஆண்டு அவர்கள் கருங்கடல் கரையை அடைந்தார்கள்.

அந்தப் பயணத்தில் ஒரு நாள், எதிரிக்கு முன் ஒரு குன்றின் உச்சியைப் பிடிக்க வேண்டியிருந்தது. செனபோன் குதிரை மேலிருந்தபடி வீரர்களை விரைவுபடுத்தினார். கேடயம் சுமந்து நடந்த ஒரு வீரன், உங்களுக்கென்ன, குதிரையில் வருகிறீர்கள் என்ற பொருளில் முணுமுணுத்தான். உடனே குதிரையை விட்டு இறங்கிய செனபோன், அவனை வரிசையிலிருந்து விலக்கி, அந்தக் கேடயத்தைத் தாமே வாங்கிக்கொண்டு நடந்தார்.

பின்னர் ஏதென்ஸ் அவரை நாடு கடத்தியது. ஸ்பார்ட்டா அளித்த நிலத்தில், ஒலிம்பியா அருகே வேட்டையும் எழுத்துமாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

அக்காலக் கிரேக்கர்களுக்குக் கால் வைக்கும் அங்கவடி கிடையாது. தொடைகளின் பிடிப்பில்தான் வீரன் குதிரை மேல் இருந்தான். போர்க்களத்தில் குதிரை மிரண்டால் உயிருக்கே ஆபத்து. இருந்தும் அதை அடித்துப் பணியவைக்கும்படி செனபோன் சொல்லவில்லை. கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்பதை அவர் மிகச் சிறந்த விதியாக வைத்தார். ஒரு பொருளைக் கண்டு குதிரை மிரண்டால் முதலில் நாம் அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு குதிரையை மெல்ல அருகே அழைத்துச் செல்ல வேண்டும். அந்த நேரத்தில் அடித்தால், வலியும் அந்தப் பொருளால்தான் வந்தது என்று குதிரை நினைத்துக்கொள்ளும், அச்சம் இரட்டிப்பாகும்.

படபடப்பான குதிரைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஏறி அமர்ந்ததும் புறப்படாமல் அது அமைதியடையும்வரை காத்திருக்க வேண்டும். மிக மென்மையான சைகையோடு தொடங்கி, வேகம் கூடுவதே தெரியாதபடி படிப்படியாகக் கூட்ட வேண்டும். முந்திக்கொண்டு ஓடினால் கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நன்றாக ஓடவிட்டால் களைத்து அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு என்கிறார் செனபோன். அப்படி ஓடவிட்டால், கோபக்காரனைப் போல அது தனக்கும் பிறருக்கும் தீங்கு தேடிக்கொள்ளும். நிதானமான நீண்ட சவாரியே அதைத் தணிக்கும்.

சமநிலைக்கும் அவர் வழி சொன்னார். குதிரையை வலம், இடம் என இரு பக்கமும் பழக்க வேண்டும். திருப்பங்களில் வேகத்தைக் குறைக்க வேண்டும். சொன்னதைச் செய்த கணமே கடிவாளத்தைத் தளர்த்தி, அதற்கு ஓய்வு தர வேண்டும். அப்போது குதிரை கழுத்தை நிமிர்த்தித் தானே விரும்பி அழகாக நடக்கும்.

வார இறுதியில் நான் படிவம் ஒன்று மாணவர்கள் சிலருக்குக் கணிதம் கற்பிக்கிறேன். பின்னக் கணக்கு என்றதுமே கை நடுங்கும் தம்பி ஒருவன் அவர்களில் இருக்கிறான். அவனை அதட்டினால், பின்னத்தோடு அந்த அதட்டலும் சேர்ந்தே அவன் மனத்தில் தங்கிவிடும். அதனால் எளிய கணக்கிலிருந்து தொடங்குகிறோம். ஒன்று சரியாக வந்ததும் சற்று நிறுத்திக்கொள்கிறோம். இப்போது அடுத்த கணக்கை அவனே கேட்கிறான்.

செனபோனின் மகன் கிரில்லஸ், கி.மு. 362இல் மாண்டினியா போரில் ஏதென்ஸின் குதிரைப்படையில் போரிட்டு வீரமரணம் அடைந்தான். போரையும் இழப்பையும் இவ்வளவு அருகில் கண்டவர் செனபோன். அப்படிப்பட்டவர், அஞ்சும் உயிரிடம் வன்மை உதவாது என்று எழுதினார் என்றால், அது இளகிய மனம் மட்டும் சொன்ன சொல்லாக எனக்குத் தோன்றவில்லை. அனுபவம் சொன்ன சொல். நண்பர்களே, தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லித்தரும்போதும், தேர்வை நினைத்து நம் மனமே மிரளும்போதும் அதை எண்ணிப் பார்க்கலாம்.